தறிக்கு மேனேஜர் யார்?

மூணாவது வருஷம் வந்துட்டா எந்த டிபார்ட்மென்டா இருந்தாலும் ஒரு மேனேஜ்மென்ட் பேப்பர் வந்துடும். உங்களுக்கும் வந்திருக்கும், இல்லைன்னா வரும். முதல் யூனிட்டில் டெய்லர், அப்புறம் ஹென்றி ஃபேயோல், ஃபேயோலின் 14 கோட்பாடுகள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அந்தப் பதினாலையும் முதல் எழுத்துகளாகக் கோத்து மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணி, மறுநாள் மதியம் சாப்பாட்டுக்குள்ள மறந்திருப்பீங்க. அதோடு ஒரு படமும் வரும். மேலே ஒரு கட்டம், அதிலிருந்து மூன்று கோடுகள், அதற்குக் கீழே இன்னும் நிறையக் கட்டங்கள். யார் யாருக்கு உத்தரவு போடுவது, யார் யாருக்குப் பதில் சொல்வது எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம், எங்க ஊருக்கு இதை எப்படி வரைவது என்பதுதான்.

எங்க ஊர் சேவூர். திருவண்ணாமலை மாவட்டம், ஆரணியை ஒட்டி. ஆரணி என்றால் உங்களுக்கு அரிசி மூட்டை ஞாபகம் வரலாம், அதுவும் சரிதான். ஆனால் தறி இருக்கிற வீட்டில் பிறந்தவங்களுக்கு ஆரணி என்றால் பட்டு. சேவூர், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றி இருக்கிற ஊர்களில் வீட்டுக்குள்ளேயே குழி வெட்டி, அந்தக் குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறிகள். எங்க வீட்டில் ஒன்று இருக்கிறது. நான் படித்ததெல்லாம் அந்தச் சத்தத்தில்தான். ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரம் அமைதியா இருக்கேன்னு தூக்கமே வரல.

ஒரு சேலை எப்படி வருதுன்னு பாருங்க. கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து. பட்டை முறுக்கேற்றுபவர் ஒருவர். வேகவைத்துப் பசையை எடுத்துச் சாயம் போடுபவர் இன்னொருவர். பாவு ஓட்டுபவர் ஒருவர். விடியற்காலையில் தெருவில் பாவை நீளமாக நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு போகிறவர்கள் நாலைந்து பேர். பழைய பாவின் இழை முனையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக விரலில் முறுக்கிச் சேர்ப்பவர் வேறு. ஆயிரக்கணக்கான இழை, பேச்சும் சிரிப்புமாக, கண் அங்கே இங்கே போகாமல். ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை அடித்துத் தருபவர் இன்னொரு தெருவில். ஊடைக்குத் தார் சுற்றுவது எங்க ஆயா. நெய்வது அப்பா. பட்டும் ஜரிகையும் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொண்டு கூலி தருவது முதலாளி. கடைகள் ஆரணியிலும் இருக்கும், காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் இருக்கும்.

இத்தனை பேரில் யாருக்கும் எல்லாம் தெரியாது. சாயம் போடுபவருக்குக் கல்யாணப் பெண் யாரென்று தெரியாது, கடைக்காரருக்குப் பாவு சேர்ப்பவர் யாரென்று தெரியாது. நடுவில் இருக்கிற முதலாளிதான் மேனேஜர் என்று நினைப்பீங்க. அவர் சொன்னால் சாயக்காரர் கேட்கமாட்டார், அவருக்கு இன்னும் எட்டு முதலாளிகள் உண்டு. எங்க அப்பா எத்தனை மணிக்குத் தறியில் இறங்க வேண்டும் என்றும் அவரால் சொல்ல முடியாது. மெமோ இல்லை, மீட்டிங் இல்லை, அட்டெண்டன்ஸ் இல்லை. ஆனாலும் முகூர்த்தத்துக்கு முன்னாடி சேலை வந்துவிடுகிறது. சிஎஸ்இ நண்பர்கள் ஜாப் ஷாப் ஷெட்யூலிங் படித்திருப்பீங்க. பல வேலை, பல மெஷின் என்று போனால் மிகச் சிறந்த வரிசையைக் கண்டுபிடிப்பது என்பி-ஹார்ட் என்று நிரூபித்து வைத்திருக்கிறார்கள். எங்க தெருவில் அந்தக் கணக்கு தினமும் டீக்கடையில் போடப்படுகிறது. "நாளைக்கு எனக்குப் பாவு வருதுபா." "நாளைக்கு வேணாம், மூணாவது வூட்டு மாமா தறி ரெண்டு நாளா சும்மா இருக்குது, அத முடிச்சிட்டு வரேன்." அவ்வளவுதான். மிகச் சிறந்த விடை கிடைக்காது, ஆனால் போதுமான விடை கிடைத்துவிடும்.

இப்படிப்பட்ட அமைப்புகளைப் பற்றித் தனியாக ஒரு துறையே இருக்கிறது என்று எனக்கு லைப்ரரியில்தான் தெரிந்தது. காம்ப்ளெக்சிட்டி சயின்ஸ். தமிழில் சிக்கல் அறிவியல் என்று சொல்லலாமா? நெசவு வீட்டில் சிக்கு என்றாலே கெட்ட வார்த்தை மாதிரி, நூல் சிக்கிக்கொண்டால் அன்றைய பொழுது போச்சு. அதனால் இந்தக் கட்டுரையில் ஆங்கிலப் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும்.

1948-ல் ஓர் அமெரிக்க விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினார். பெயர் வாரன் வீவர். ஆமாங்க, வீவர்! நெசவாளர்! அவர் சொன்னது நமக்குப் புரிகிற விஷயம். இயற்பியல் ரொம்ப நாளாக இரண்டு மூன்று மாறிகள் உள்ள கணக்குகளைத்தான் போட்டது. அப்புறம் ஒரே தாவாகத் தாவி, ஒரு பாத்திரத்து வாயுவில் இருக்கிற கோடிக்கணக்கான மூலக்கூறுகளைச் சராசரி எடுத்து அடக்கியது. தெர்மோடைனமிக்ஸில் நாம் படிப்பது அதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பிரதேசம் கிடக்கிறது. அங்கே உறுப்புகள் எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். சராசரி எடுத்தால் விஷயமே செத்துவிடும். ஒரு உயிரணு, ஒரு சந்தை, ஒரு ஊர் எல்லாம் அந்த வகை. 1984-ல் அமெரிக்காவில் சான்டா ஃபே இன்ஸ்டிட்யூட் தொடங்கப்பட்டது இந்த நடுப்பகுதியை ஆராயத்தான். அதற்குச் சில வருடங்களில் மேனேஜ்மென்ட் ஆட்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். சுய ஒழுங்கமைப்பு, எமர்ஜென்ஸ் என்ற சொற்கள் எல்லாம் பிரசன்டேஷன்களில் வர ஆரம்பித்தது அப்படித்தான்.

சிக்கலான மெஷினுக்கும் இந்தச் சிக்கலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எங்க வீட்டுத் தறியையே காட்டுவேன். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய அதே தத்துவம்தான். ஓட்டை இருந்தால் இழை மேலே, இல்லையென்றால் கீழே. பாபேஜ் தன்னுடைய கணிப்பொறிக்கு அட்டை யோசனையை இங்கிருந்துதான் எடுத்தார். எத்தனை நூறு அட்டை இருந்தாலும் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பழுதானால் எந்த அட்டை என்று தேடிப் பிடிக்கலாம். தெருவுக்கு அப்படி அட்டை கிடையாது. ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் மாற்றிக்கொள்கிறார், அவர் மாறியதைப் பார்த்து முதல் ஆள் மறுபடி மாறுகிறார். என்ன நடக்கும் என்பது யார் தலையிலும் எழுதி வைக்கப்படவில்லை.

இது கேட்க அழகாக இருக்கிறது, எறும்பு, தேனீ, பறவைக் கூட்டம் மாதிரி. நிறையப் பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் யாரும் கட்டுப்படுத்தாத அமைப்பில் நல்லது தானாக விளைவது மாதிரியே கெட்டதும் தானாக விளையும். அதற்கு ஒரு கணக்கு போடலாம், எண்கள் நானே வைத்துக்கொண்டவை.

ஒரு கடையில் ஒரு டிசைன் மாதம் 20 சேலை விற்கிறது. ஒரு மாதம் 24 விற்றுவிட்டது. கடைக்காரர் சீசன் சூடு பிடிக்குதுன்னு நினைத்து முதலாளியிடம் 30 கேட்கிறார். முதலாளிக்குக் கடையில் எவ்வளவு விற்றது என்று தெரியாது. அவருக்குத் தெரிவது 20 கேட்டவர் 30 கேட்கிறார் என்பது மட்டும்தான். பட்டு விலை ஏறுவதற்குள் வாங்கிடலாம், சாயமும் ஒரே தடவையில் போட்டால்தான் நிறம் ஒத்து வரும் என்று 40 சேலைக்குப் பாவு போடுகிறார். தறிக்காரர் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கும் சத்தம். பட்டு வந்து, சாயமாகி, பாவாகி, சேலையாகி வர இரண்டு மூன்று மாதம் ஆகிவிடுகிறது. அதற்குள் கடையில் விற்பனை பழையபடி 20. கடையில் 10 மிச்சம், அதனால் அடுத்த தடவை 10 போதும் என்கிறார். முதலாளியிடமே 10 மிச்சம் இருக்கிறது, அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். தறிக்கு வருவது? பூஜ்யம்.

கடையில் ஆடியது மாதம் நாலு சேலை. எங்க வீட்டில் ஆடியது ராத்திரி பகலா வேலை என்பதிலிருந்து வேலையே இல்லை என்பது வரைக்கும். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சோம்பேறி இல்லை, எல்லாரும் அவங்கவங்க இடத்தில் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். இதற்குப் புல்விப் எஃபெக்ட் என்று பெயர், சாட்டையைக் கையில் லேசாக அசைத்தால் நுனி சுழற்றி அடிப்பது மாதிரி. எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் 1961-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விவரித்தார். அவர் குழு உருவாக்கிய பீர் கேம் என்று ஒரு விளையாட்டும் இருக்கிறது (பெயரைப் பார்த்து வார்டன் பயப்பட வேண்டாம்). நாலு பேர்: கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும்தான். விளையாட்டு முழுவதும் வாடிக்கையாளர் ஆர்டர் ஒரே ஒரு தடவைதான் மாறும், 4-லிருந்து 8 ஆகும். அவ்வளவுக்கே தொழிற்சாலைக்காரர் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிடுவார். 1989-ல் ஜான் ஸ்டெர்மன் நிறைய ஆட்டங்களின் கணக்கைப் பார்த்தார். அணிகளுக்கு ஆன செலவு, ஆகியிருக்க வேண்டிய குறைந்தபட்சச் செலவைப் போல சராசரியாகப் பத்து மடங்கு. போன மாதம் எங்க பிளாக்கில் டீ கேம் என்று பெயர் மாற்றி ஆடினோம். கடைசியில் உட்கார்ந்தவன் மத்த மூணு பேரையும் திட்டிக்கொண்டே ரூமுக்குப் போனான். நீங்களும் ஆடிப் பாருங்க, நாலு பேரும் பேப்பரும் போதும்.

அப்போ தீர்வு? மேலே ஒரு கட்டம் வரைந்து, ஒரு பெரிய மேனேஜரை உட்கார வைத்து எல்லாத் தறியையும் அவரே நடத்தட்டும் என்றால்? 1956-ல் ராஸ் ஆஷ்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் சொன்ன ஒரு விதி இதற்குக் குறுக்கே நிற்கிறது. கட்டுப்படுத்தப்படும் பொருள் எத்தனை விதமாக மாறுமோ, அத்தனை விதமாகப் பதில் தரக் கட்டுப்படுத்துபவரிடமும் சரக்கு இருக்க வேண்டும். ஐம்பது தறியை ஒரு எக்செல் ஷீட்டிலிருந்து நடத்துகிறவரிடம் இருப்பது வேலை நடக்குது, நிக்குது, முடிஞ்சிடுச்சு என்று மூணே நிலை. தறியில் நடப்பதோ, மழை ஈரத்தில் பட்டு இழை பிடிவாதம் பிடிக்கும், குழியில் தண்ணீர் ஊறும், ஜரிகை ஒரு கட்டு மட்டும் அடிக்கடி அறும், கண்ணில் புரை விழுந்தவருக்குக் கறுப்புப் பாவு கொடுத்தால் ஒரு நாள் வேலை மூணு நாள் ஆகும், எதிர் வீட்டில் சாவு விழுந்தால் தெருவே நிற்கும். இந்தத் தகவல் மேலே போய் உத்தரவாகத் திரும்பி வருவதற்குள் நிலைமை மாறிவிடும். அதனால் முடிவு எடுக்கிற இடம், விஷயம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இதை நெசவிலேயே, நம்ம நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுத்தி வளைத்து அமெரிக்காவுக்கெல்லாம் போக வேண்டாம், அகமதாபாத் போனால் போதும். அங்கே காலிகோ மில், சாராபாய் குடும்பத்தினுடையது. விக்ரம் சாராபாய் அந்த வீட்டுப் பிள்ளைதான். 1952-ல் அவர்களுடைய ஒரு மில்லில் தானியங்கித் தறிகள் போட்டார்கள். புது மெஷின், ஆனால் உற்பத்தி ஏறவில்லை, துணியில் பழுது குறையவில்லை. 1953-ல் லண்டன் டாவிஸ்டாக் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து ஏ. கே. ரைஸ் வந்து பார்த்தார்.

என்ன நடந்திருந்தது என்றால், வேலையை டெய்லர் பாணியில் நறுக்கி வைத்திருந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட தறிகள், அதில் ஒருவர் நெய்வதை மட்டும் பார்ப்பார், ஒருவர் தார் நிரப்புவார், ஒருவர் மொத்தமாக அறுந்த இழைகளைக் கட்டுவார், ஒருவர் எண்ணெய் விடுவார், ஒருவர் கூட்டுவார். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண்ணிக்கையில் தறிகள். நெய்பவருக்கு ஒதுக்கிய தறிகளும் இழை கட்டுபவருக்கு ஒதுக்கிய தறிகளும் ஒன்றாக அமையாது. ஆகவே ஒரு தறி நின்றால் அது யாருடைய கவலை என்பதே தெளிவில்லை. ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருப்பார், அவர் வேறெங்கோ மாட்டிக்கொண்டிருப்பார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ரைஸ் ஒரு யோசனையை முன்வைத்தார்: ஒரு சிறு குழு, அதற்கென்று ஒரு தறித் தொகுதி. இதைக் கேட்ட தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும், யாரும் வரைபடம் போட்டுக் கொடுப்பதற்கு முன்னாலேயே, தாங்களே குழுக்களாகப் பிரிந்துகொண்டார்கள். ஏழு பேருக்கு 64 தறிகள் என்று அமைந்தது. குழுவுக்குள் யார் எதைச் செய்வது என்பது அவர்கள் பாடு. 60 வேலை நாட்களுக்குப் பிறகு தறிகளின் செயல்திறன் 80 சதவீதத்திலிருந்து 95 ஆனது. பழுது 32-லிருந்து 20 சதவீதமாக இறங்கியது. மெஷின் அதே மெஷின்தான், ஆட்களும் அவர்களேதான்.

மேனேஜ்மென்ட் புத்தகங்கள் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. டாவிஸ்டாக்கைச் சேர்ந்த எரிக் மில்லர் 1970-ல் திரும்பிப் போய் அந்த மில்களைப் பார்த்தார். ஓர் இடத்தில் குழுமுறை ஏறக்குறைய அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் மெல்ல மெல்லக் கரைந்து, பழைய மேற்பார்வை முறைக்குத் திரும்பிவிட்டிருந்தது. சுற்றி இருக்கிற சந்தையும் அழுத்தமும் மாறும்போது அந்தச் சிறு சுதந்திரத்தைச் சுற்றி யாராவது வேலி கட்டிக் காக்க வேண்டும். சுய ஒழுங்கமைப்பு என்பது ஒருமுறை போட்டுவிட்டால் தானாக ஓடும் சாஃப்ட்வேர் இல்லை. மேனேஜருக்கு வேலை போய்விடவில்லை, வேலை மாறியிருக்கிறது. உள்ளே என்ன செய்வது என்று சொல்வதை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வருகிற அடியை எவ்வளவு உள்ளே விடுவது என்று பார்க்க வேண்டியவர் அவர்.

இந்த இடத்தில்தான் எங்க ஊர் வேறுபடுகிறது, எனக்கு இந்தப் பாடம் வெறும் பேப்பராக இல்லாமல் போனதும் இதனால்தான். சேவூரில் அந்த வேலியைக் கட்ட யாரும் இல்லை.

கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான். தறி சும்மா இருந்த நாளுக்குக் கூலி கிடையாது. தறி எங்களுடையது, குழி வெட்டின இடம் எங்க வீட்டுக் கூடம். ஆயா தார் சுற்றுவதற்கென்று தனியாக யாரும் கணக்கு வைப்பதில்லை. ஒரு கம்பெனி என்றால் திடீர் ஆர்டரைச் சமாளிக்க உபரி மெஷின், உபரி ஆள், குடோனில் சரக்கு எல்லாம் வைத்திருக்க வேண்டும், அதற்குச் செலவாகும். எங்க ஊர் அமைப்பில் அந்த உபரி இல்லாமல் இல்லை. அது எங்க அப்பாவின் சும்மா இருக்கிற நாட்களாக, எங்க வீட்டுக்குள்ளேயே, யாருக்கும் செலவில்லாமல் வைக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதற்கு ஃப்ளெக்சிபிலிட்டி என்று பெயர் வைக்கிறார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்யாணம் எல்லாம் இருபது பேரோடு முடிந்தது, கடைகள் மூடின. தறியில் ஏறியிருந்த பாவு முடிந்தது, அடுத்த பாவு வரவில்லை. நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனார். இழை சேர்க்கிற விரல், நாடா தள்ளுகிற கை. சாயங்காலம் வந்து கையை விரிக்கவே முடியாமல் உட்கார்ந்திருப்பார். சித்தப்பா தறியைப் பிரித்து விற்றுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செக்யூரிட்டி வேலைக்குப் போனவர், இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஒரு வருடம் கழித்து ஆர்டர் திரும்பியது, தெருவில் மறுபடி பாவு நீட்டினார்கள், சேலை மறுபடி கடைக்குப் போனது. நெட்வொர்க் தியரி கண்ணாடி போட்டுப் பார்த்தால் இது பிரமாதமான ரெசிலியன்ஸ். சில முனைகள் அறுந்தும் வலை நின்றது. எங்க சித்தப்பா அறுந்த ஒரு முனை.

அடி விழுந்தால் கடைசி ஆள்தான் வாங்க வேண்டும் என்று ஒன்றும் விதி இல்லை. 1997 பிப்ரவரி 1-ம் தேதி ஜப்பானில் ஐசின் கம்பெனியின் ஒரு ஆலை எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்குத் தேவையான ஒரு சின்ன வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. ஜஸ்ட் இன் டைம் முறை என்பதால் கையிருப்பு மிகக் கொஞ்சம், டொயோட்டாவின் அசெம்பிளி லைன்கள் நின்றன. அடுத்த சில நாட்களில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் சேர்ந்து அந்த வால்வைச் செய்ய ஆரம்பித்தன, தையல் மெஷின் செய்கிற பிரதர் கம்பெனி உட்பட. மேலிருந்து ஒரே ஒரு திட்டம் வரவில்லை. வரைபடத்தை வாங்கிக்கொண்டு அவரவர் மெஷினுக்கு ஏற்ற மாதிரி அவரவரே வழி கண்டுபிடித்தார்கள். விலை என்ன, செலவு யாருடையது என்ற பேச்சே அப்போது எழவில்லை. ஒரு வாரத்துக்குள் லைன்கள் ஓட ஆரம்பித்தன. காம்ப்ளெக்சிட்டி பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். அப்புறம் நடந்ததைச் சில பேர்தான் சொல்கிறார்கள். ஐசின் அந்தக் கம்பெனிகளின் நேரடிச் செலவைக் கொடுத்தது. டொயோட்டா தன் முதல்நிலை சப்ளையர்களுக்கு, அந்தக் காலாண்டில் அவர்கள் தனக்கு விற்றதில் 1 சதவீதத்துக்கு இணையான தொகையைக் கொடுத்தது. ஓடி வந்தவர்கள் கேட்காமலேயே ஓடி வந்ததற்குக் காரணம், பின்னால் தன் தலையில் கட்டமாட்டார்கள் என்ற அனுபவம் அங்கே ஏற்கெனவே இருந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் யாராவது "எங்க கம்பெனில பாஸ் கிடையாது, எல்லாரும் அவங்கவங்களே முடிவு எடுக்கலாம்" என்று சொன்னால், நான் முதலில் கேட்பது ஆர்டர் இல்லாத மாதம் யாருக்குச் சம்பளம் நிற்கும் என்பதைத்தான். டெலிவரி ஆப்களும் இதையேதான் சொல்கின்றன: நீங்களே உங்க பாஸ், இஷ்டப்பட்ட நேரம் வேலை. மழையில் ஆர்டர் இல்லாமல் பாலத்துக்கு அடியில் நிற்கிற நேரம் யார் கணக்கில் போகிறது? பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் நீங்க இதைக் கேட்க வேண்டாம், ஆஃபர் லெட்டர் வந்த பிறகு கேளுங்க.

சரி, இதெல்லாம் எதற்கு இப்போது என்றால், எங்க ப்ராஜெக்ட். நாலு பேர் குழு, நெசவுக்கு ஏதாவது பண்ணலாம் என்று முடிவாயிற்று. ஈசிஇ நண்பன் ஒருத்தன் சுறுசுறுப்பா ஒரு டிசைன் கொண்டு வந்தான். தறியில் ஒரு சென்சார், ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு எண்ணிக்கை, அது மொபைல் வழியாக முதலாளியின் டாஷ்போர்டுக்குப் போகும். எந்தத் தறி எவ்வளவு நெய்தது, எது சும்மா இருக்கிறது எல்லாம் நேரலையில். சர்க்யூட் உண்மையிலேயே நல்லா இருந்தது, செலவும் கம்மி. அதை எடுத்துக்கொண்டு போன மாதம் நாலு பேரும் சேவூர் போனோம். ஆயா எல்லாருக்கும் கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்தார். அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, சென்சாரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாதான் பண்ணிகிறீங்க. ஆனா என் தறில எத்தினி ஊடை ஓடுச்சின்னு எனக்கே தெரியாதா கண்ணு? கடைல எத்தினி சேலை வித்துச்சின்னு எனக்குத் தெரியற மாதிரி எதுனா பண்ணுங்க."

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன்தான் ஆரம்பித்தான்: சென்சாரைத் தூக்கிக் கடையில் வைத்தால்? பில் போடும்போது அந்த டிசைன் எண் மட்டும் பதிவாகி, வாரம் ஒரு தடவை தறிக்காரர் போனுக்கு வந்தால்? பீர் கேமில் நாலு பேரும் கடையின் விற்பனையைப் பார்க்கலாம் என்று விதியை மாற்றினால் ஆட்டம் குறைகிறது என்று படித்திருந்தோம். பாவு வராத மாதம் வரப்போகிறது என்று இரண்டு மாதம் முன்னால் தெரிந்தால், தறி சும்மா இருப்பது அதனால் மட்டும் நின்றுவிடாது. ஆனால் வேறு முதலாளியிடம் ஒரு பாவு கேட்டு வைக்கலாம், சங்கத்தில் சொல்லி வைக்கலாம், கடன் வாங்குவதைத் தள்ளிப் போடலாம்.

முதலாளி ஒருவரிடம் பேசினோம். நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்து எல்லாம் கேட்டார். பிறகு நேராகவே சொன்னார்: "தம்பி, அத அவங்க பாத்தா நல்லா ஓடற மாசம் கூலிய ஏத்திக் கேப்பாங்களே." அவர் சொன்னதில் பொய் இல்லை. தகவல் போகும் திசை மாறினால் பேரமும் மாறும், அது எங்களுக்கும் தெரியும். மூன்று தடவை போய்ப் பேசி, விலை வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்ற கண்டிஷனில் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு டிசைன், ஒரு கடை, நாலு தறி, எட்டு வாரம். ஆடியில் கல்யாணம் இல்லை, அந்த எண்ணிக்கை எதையும் சொல்லாது என்பதால் ஆவணியில் ஆரம்பிக்கிறோம்.

கைடு சாருக்கு இன்னும் ஒரு சந்தேகம், இதில் ஹார்டுவேர் ரொம்பக் கம்மியா இருக்கே, ரிவ்யூவில் மார்க் போடுவாங்களா என்று. அப்பாவுக்கும் ஒரு கோரிக்கை. அவருக்குக் கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது, எழுத்தாக அனுப்பாமல் குரலாக அனுப்ப வேண்டுமாம். தறி ஓடும்போது போன் சத்தம் கேட்காது, அதனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு.